மறுமலர்ச்சிக்குச் சாயம் போட்டவர் யார்?

திருப்பூரை அடுத்த ஒரு சர்க்கார் மேல்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு, பிற்பகல் நேரம். சுவரில் பெரிய திரை. அதில் ரபேல் தீட்டிய 'ஏதென்ஸ் பள்ளி' என்னும் சுவரோவியம் ஜொலிக்கிறது. சிவப்பு அங்கி, நீல அங்கி, மஞ்சள் அங்கி அணிந்த தத்துவ ஞானிகள் படிக்கட்டில் நிற்கிறார்கள், நடக்கிறார்கள், சாய்ந்து கிடக்கிறார்கள். கணினி தானே தமிழில் விளக்கம் சொல்லிக்கொண்டு போகிறது. மறுமலர்ச்சி என்றால் என்ன, எந்த நாட்டில் தோன்றியது, அதன் பெரும் ஓவியர்கள் யார் யார்? பதினோரு நிமிஷத்தில் படம் முடிந்தது.

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவளுடைய தகப்பனார் சாயப்பட்டறைத் தொழிலாளி.

"ஏனுங்க சார், அந்தத் துணிக்கெல்லாம் அப்பவே இத்தனை கலருல யாருங்க சாயம் போட்டாங்க?"

வகுப்பு சிரித்தது. உபாத்தியாயர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி கண்ணு. ஆனா பரீட்சைக்கு வராது" என்றார். மணி அடித்துவிட்டது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டபடியால் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கண்டவன் நான். அந்த உபாத்தியாயரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று பிரிவுகளுக்கும் சமூக அறிவியல் அவரே. அது போதாதென்று 'எமிஸ்' என்ற இணையதளத்தில் அந்தப் பதிவு, இந்தப் பதிவு. பாடம் நடத்தியது போக மிஞ்சிய நேரத்தில் குமாஸ்தா வேலை என்பது போய், குமாஸ்தா வேலை போக மிஞ்சிய நேரத்தில் பாடம் என்றாகிவிட்டது. ஆயினும் அந்தப் பெண் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால், தோழர்களே, மறுமலர்ச்சியைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்!

துணிக்காரர்களின் ஊர்

பிளாரன்ஸ் ஓவியர்களின் ஊர் என்று புத்தகம் சொல்கிறது. பொய்யல்ல. ஆனால் ஓவியர்களின் ஊராக ஆவதற்கு முன்பே அது துணிக்காரர்களின் ஊர். 1338-ம் ஆண்டு நிலவரத்தை எழுதி வைத்த வில்லானி என்ற அந்நகரத்துக்காரர், அங்கே 200-க்கு மேற்பட்ட கம்பளித் துணிப் பட்டறைகள் இருந்ததாகவும், ஆண்டுக்கு 70,000 முதல் 80,000 பீஸ் வரை துணி உற்பத்தியானதாகவும், 30,000 பேருக்கு மேல் அத்தொழிலால் பிழைத்ததாகவும் கணக்குக் கொடுக்கிறார். நகரத்தின் மொத்த ஜனத்தொகையே ஏறத்தாழ 90,000-தான். மூன்றில் ஒருவர் வயிறு கம்பளியை நம்பி இருந்தது.

வேலை நடந்த விதத்தைச் சொன்னால், நம் தொழிலாளி தன் ஊரைத்தான் யாரோ சொல்கிறார்கள் என்று நினைப்பார். உயர்ந்த ரோமம் இங்கிலாந்திலிருந்து வரும். அலசுவது, அடிப்பது, சீவுவது எல்லாம் முதலாளியின் பட்டறையில், தினக்கூலிகளைக் கொண்டு. நூல் நூற்பது கிராமத்துப் பெண்கள். தரகர் ரோமத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து நூலை வாங்கி வருவார். நெசவு நெசவாளியின் வீட்டில். சாயம் தனிப் பட்டறையில். சரக்கு மட்டும் முதலிலிருந்து கடைசி வரை ஒரே முதலாளிக்குச் சொந்தம். நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், கட்டிங் ஓரிடம், பவர் டேபிள் ஓரிடம், காஜா பட்டன் இன்னோரிடம் என்று ஒரு பனியன் பத்து வாசல் ஏறி இறங்குகிறதே, அந்த 'ஜாப் ஒர்க்' முறை ஏதோ நேற்று நம் முதலாளிகள் கண்டுபிடித்த சாமர்த்தியம் அல்ல. அதற்கு வயது 650-க்கு மேல். லாபம் ஒருவன் பெட்டியில். நோய், நஷ்டம், வேலையில்லாத நாள் எல்லாம் மற்றவர் தலையில்.

முதலாளிகளுக்குச் சங்கம் இருந்தது. 'கம்பளிச் சங்கம்' என்று பெயர். நகர ஆட்சியில் அதற்குப் பங்குண்டு. தொழிலாளியைப் பிடித்து விசாரித்துச் சவுக்கடி வரை தண்டிப்பதற்கென்றே அது ஓர் அதிகாரியை வைத்திருந்தது. தொழிலாளிக்கோ சங்கம் வைக்கும் உரிமை கிடையாது. 1345-ல் சியூத்தோ பிராந்தினி என்ற கம்பளி சீவும் தொழிலாளி, தன்னைப் போன்றவர்களைத் திரட்டி ஒரு சங்கம் காண முயன்றார். இரவோடு இரவாக அவரைக் கைது செய்தார்கள். அவரை விடுவிக்கக் கோரிச் சக தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். நகர சர்க்கார் அவரைத் தூக்கிலிட்டது. ஐரோப்பிய சரித்திரத்தில் பெயரோடு நமக்குக் கிடைக்கும் முதல் தொழிற்சங்கத் தியாகிகளில் ஒருவர் அவர். மோனாலிசாவின் புன்னகையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் அவருக்கு ஒரு வரி ஒதுக்கக் கூடாதா?

33 ஆண்டுகள் கழிந்தன. 1378 ஜூலையில் 'சியோம்பி' என்று இளக்காரமாக அழைக்கப்பட்ட கம்பளிக் கூலிகள் கிளர்ந்தெழுந்தார்கள். நகர ஆட்சி மாளிகையைக் கைப்பற்றினார்கள். மிக்கேலே தி லாந்தோ என்ற கம்பளித் தொழிலாளி ஆட்சித் தலைவராக அமர்ந்தார். மூன்று புதிய சங்கங்கள் அமைந்தன. ஒன்று சாயத் தொழிலாளிகளுக்கு. ஒன்று தையல்காரர் முதலானோருக்கு. மூன்றாவது, எந்தச் சங்கத்திலும் இடமில்லாதிருந்த சியோம்பிகளுக்கு. ஆறு வாரம்! ஆகஸ்ட் மாதம் முடிவதற்குள் அதே மிக்கேலே தி லாந்தோ மற்றச் சங்கங்களோடு சேர்ந்துகொண்டு, தன்னை ஆட்சியில் அமர்த்தியவர்கள் மீதே வாளுயர்த்தினார். (இப்படிப்பட்ட மனிதர்களை நம் இயக்கமும் கண்டிருக்கிறது; பெயர் சொல்ல வேண்டாம்.) சியோம்பிகளின் சங்கம் கலைக்கப்பட்டது. சாயத் தொழிலாளிகளின் சங்கமும் தையல்காரர் சங்கமும் 1382 வரை உயிரோடு இருந்து, பிறகு அவையும் ஒழிக்கப்பட்டன.

இதற்குப் பின்புதான் மெதிச்சி குடும்பத்தின் வங்கி 1397-ல் தொடங்குகிறது. இதற்குப் பின்புதான் 1420-ல் பிளாரன்ஸ் பேராலயத்தின் மேல் புருனெல்லெஸ்கியின் மாபெரும் குவிமாடம் எழத் தொடங்கி 1436-ல் முடிகிறது. பாடப்புத்தகத்தில் படமாக வரும் அந்தக் குவிமாடத்தைக் கட்டும் பொறுப்பு யாரிடம் இருந்தது? அதே கம்பளிச் சங்கத்திடம்! கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்திய கொத்தர்களைப் புருனெல்லெஸ்கி நீக்கிவிட்டு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார் என்றும், பிறகு பழைய ஆட்களை முன்னிலும் குறைந்த கூலிக்குச் சேர்த்துக்கொண்டார் என்றும் வசாரி எழுதியிருக்கிறார். அவர் ஓவியர்களின் வாழ்க்கையைப் புகழ்ந்து எழுதியவர். நம் கட்சிக்காரர் அல்ல.

இனிச் சாயத்துக்கு வருவோம். அந்தப் பெண் கேட்டது அதுதானே?

ஆர்னோ நதிக்கரையில் சாயக்காரர்களின் தெரு என்று பெயர் கொண்ட வீதி பிளாரன்ஸில் இன்றும் இருக்கிறது. கம்பளியில் சாயம் கழுவினாலும் போகாமல் பிடிக்க வேண்டுமானால் அன்று படிகாரம் வேண்டும். நம் பட்டறைகளில் உப்பும் சோடாவும் செய்கிற வேலையை அங்கே படிகாரம் செய்தது. அது பெரும்பாலும் துருக்கியர் வசமிருந்த பகுதிகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1460-களின் தொடக்கத்தில் போப்பாண்டவரின் ஆட்சிப் பகுதியிலேயே தோல்பா என்ற இடத்தில் படிகாரச் சுரங்கம் கிடைத்தது. 1466-ல் அதை விற்கும் குத்தகையை மெதிச்சி வங்கி எடுத்தது. 1472-ல் வொல்தெரா என்ற சிற்றூரில் படிகாரச் சுரங்கத் தகராறு வெடித்தபோது, 'மகோன்னதர்' என்று பட்டம் பெற்ற லொரென்சோ மெதிச்சி கூலிப்படையை அனுப்பினார். ஊர் சரணடைந்தது, சரணடைந்த ஊரைப் படை சூறையாடியது. கலைகளின் புரவலர் லொரென்சோ என்று ஒரு மதிப்பெண் கேள்வியில் வருகிறாரே, அவரேதான்.

இதனால் மறுமலர்ச்சியை நாம் தூற்றுகிறோம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எங்கெல்ஸ் 'இயற்கையின் இயக்கவியல்' என்ற நூலின் முன்னுரையில் அந்த யுகத்துக்குக் கொடுத்த உயர்ந்த இடம் தோழர்களுக்குத் தெரியும். மடாலயத்தின் பிடியிலிருந்து மனித மூளை விடுபட்டது சாமானியக் காரியமல்ல. 1543-ல் கோப்பர்நிக்கஸ் நூல் வெளிவந்ததும், 1633-ல் கலீலியோவை மத விசாரணை மண்டபத்தில் மண்டியிடச் செய்ததும் மனிதகுலம் மறக்கக்கூடிய சம்பவங்களா? நாம் சொல்வது ஒன்றே. அந்த மலர்ச்சிக்கு வேர் இருந்தது. அந்த வேர் சீவுகிறவன், நூற்கிறவள், சாயம் முக்குகிறவன் கைகளில் இருந்தது. வேரை வெட்டிவிட்டுப் பூவை மட்டும் திரையில் காட்டினால் அது சரித்திரமாகாது; காலண்டர் படம்.

திரை பேசுகிறது, பிள்ளை கேட்கிறது

பள்ளிக்கூடங்களில் கருவிகள் வருவதை நாம் வரவேற்கிறோம். 2018 முதல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் க்யூ.ஆர். குறியீடு அச்சிட்டார்கள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் 'உயர் தொழில்நுட்ப ஆய்வகம்' வந்தது. தொடக்கப் பள்ளி வரை திறன் வகுப்பறைகள் வந்திருக்கின்றன. 2023-ல் 'மணற்கேணி' செயலி வந்தது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கிடைத்துவந்தது பனியன் தொழிலாளியின் பிள்ளைக்கும் கிடைக்கட்டும். இயந்திரத்தை உடைக்கிற கூட்டமல்ல நாம்.

ஆனால் கருவி யாருடைய கையில், எதற்காக? இதையல்லவா கேட்க வேண்டும்? நான் கண்ட வகுப்பில் உபாத்தியாயர் முன்பு சொன்னதைத் திரை சொன்னது. பிள்ளைகள் முன்பு போலவே கை கட்டிக் கேட்டார்கள். திரை சொன்னதை நோட்டில் எழுதினார்கள். நோட்டில் எழுதியதைப் பரீட்சையில் எழுதுவார்கள். கரும்பலகை வெள்ளைப் பலகையாயிற்று. மனப்பாடம் மனப்பாடமாகவே நிற்கிறது. உயர் தொழில்நுட்ப ஆய்வகமோ, பல இடங்களில், இணையத் தேர்வு நடத்தும் கூடமாக ஒடுங்கிக் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள வெளி நிறுவனத்தின் மூலம் எடுத்த ஒப்பந்த ஊழியர். அவருக்கும் ஜாப் ஒர்க்தான்!

'புத்தகத்துக் குறியீட்டை வீட்டில் செல்போனில் பார்த்துக்கொள்' என்று சொல்லிவிடுவது சுலபம். எந்த வீட்டில்? காலையில் அப்பா 'ஒன்றரை ஷிப்ட்' போகும்போது போனும் அவரோடு போகிறது. அம்மா செக்கிங் முடிந்து வர இரவு எட்டு, ஒன்பது. அவளுடைய போனில் பட்டன்தான் உண்டு. 2020, 2021-ம் ஆண்டுகளில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது போன் இருந்த பிள்ளை பாடம் கேட்டது. போன் இல்லாத பிள்ளை கைமடிக்கப் போனது. அப்படிப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்பதை ஒவ்வொரு தலைமை ஆசிரியரும் அறிவார்.

அப்புறம் இந்த 'பிராஜெக்ட்'! மாணவர் ஆராய்ச்சி என்ற பெயரில் நடக்கும் கேலிக்கூத்து இது. 'மறுமலர்ச்சி ஓவியர்கள் பற்றி ஒரு பிராஜெக்ட் செய்து வா' என்பார்கள். பிள்ளை பிரவுசிங் சென்டருக்கு ஓடும். கடைக்காரத் தம்பி, போன வருஷம் யாருக்கோ எடுத்துக் கொடுத்த அதே பக்கங்களைக் கலரில் எடுத்துக் கொடுப்பார். ஸ்பைரல் பைண்டிங், மேலட்டையில் மோனாலிசா. ஓவர்லாக் தைக்கும் தாயின் கூலியில் ஒரு பங்கு அதில் போய்விடும். இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்திருக்கிறது. கேட்ட மாத்திரத்தில் நான்கு பக்கம் எழுதித் தருகிறது. பிள்ளை படிக்காமலே ஒட்டுகிறது, உபாத்தியாயர் படிக்காமலே மதிப்பெண் போடுகிறார். இரு தரப்புக்கும் சிரமமில்லை!

ஆராய்ச்சி என்றால் எது?

உண்மையான ஆராய்ச்சிக்கு அந்தத் திரையாலேயே வழி உண்டு. 1427-ல் பிளாரன்ஸ் சர்க்கார் வரி போடுவதற்காக வீடு வீடாகக் கணக்கெடுத்தது. 'கதாஸ்தோ' என்பது அதன் பெயர். வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, என்ன தொழில், எவ்வளவு சொத்து, எவ்வளவு கடன் எல்லாம் அதில் உண்டு. அந்நகரத்தின் ஆட்சிக்குட்பட்ட பிரதேசம் முழுவதிலும் ஏறத்தாழ 60,000 குடும்பங்கள். ஹெர்லிஹி என்ற அமெரிக்கப் பேராசிரியரும் கிளாபிஷ்-சூபெர் என்ற பிரெஞ்சுப் பெண் ஆராய்ச்சியாளரும் 1960-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் உழைத்து இதைக் கணினியில் ஏற்றி, 1978-ல் நூலாக வெளியிட்டார்கள். பிளாரன்ஸ் நகரத்துக் குடும்பங்கள் சுமார் 10,000-ன் விவரத்தை அமெரிக்காவிலுள்ள பிரவுன் பல்கலைக்கழகம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்தது. அதிலிருந்து தெரிய வந்த ஒரு செய்தி: நகரத்துச் சொத்தில் கால் பங்குக்கு மேல், நூற்றில் ஒரு பங்கான குடும்பங்களிடம் குவிந்து கிடந்தது! புருனெல்லெஸ்கியின் குவிமாடம் பாதி எழுந்திருந்த நேரம் அது.

இதை ஒரு வகுப்பில் செய்து பாருங்கள். உபாத்தியாயர் அந்தப் பட்டியலிலிருந்து நாற்பது குடும்பங்களைத் தமிழில் எழுதித் திரையில் போடட்டும். இன்னார் சாயக்காரர், வீட்டில் ஐந்து பேர், சொத்து இல்லை. இன்னார் வங்கிக்காரர், இத்தனை பண்ணை. பிள்ளைகள் கூட்டிப் பார்க்கட்டும், வகுத்துப் பார்க்கட்டும், தங்களுக்குள் வாதாடட்டும். மறுமலர்ச்சி யாருக்கு மலர்ந்தது என்று புத்தகத்தைக் கேட்க வேண்டியதில்லை, அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். கணக்கு வாத்தியாரும் உடன் இருந்தால் இன்னும் நல்லது.

பிளாரன்ஸுக்குப் பக்கத்தில் பிராத்தோ என்ற ஊர். அங்கே 1410-ல் இறந்த தாத்தினி என்ற துணி வியாபாரியின் சுமார் 1,50,000 கடிதங்களும் 500-க்கு மேற்பட்ட கணக்குப் புத்தகங்களும் 1870-ல் அவருடைய வீட்டிலேயே கண்டெடுக்கப்பட்டன. ஒரு வியாபாரியின் குப்பை என்று எவரும் எரித்துவிடாததால் இன்று உலகம் அவற்றைப் படிக்கிறது. அதே பிராத்தோ இன்றும் துணி ஊர்தான். சீனத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளிகள் அங்கே இரவு பகலாகத் தைக்கிறார்கள். 2013 டிசம்பரில் ஒரு பட்டறையில் தீப்பிடித்து, உள்ளேயே தங்கித் தூங்கிய 7 சீனத் தொழிலாளிகள் மாண்டார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கம்பெனிக் குடியிருப்பில் முடங்கிக் கிடக்கும் தோழர்கள் நினைவுக்கு வருகிறார்களா, இல்லையா?

இப்போது திருப்பூருக்கு வருவோம். 1932 ஜனவரியில் குமரன் கொடியேந்தி அடிபட்டு உயிர் நீத்தது எல்லோருக்கும் தெரியும், சிலை இருக்கிறது. ஏற்றுமதியின் கதையும் தெரியும். 1978-ல் ஓர் இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட் வாங்க வந்ததிலிருந்து அதைத் தொடங்குவார்கள். (இத்தாலி நம்மை விடுவதில்லை!) ஆனால் பஞ்சப்படிக்காக 1984-ல் நடந்த மாபெரும் வேலைநிறுத்தத்தின் துண்டுப் பிரசுரங்கள் எங்கே? முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட கூலி ஒப்பந்தங்களின் பழைய நகல்கள் எங்கே? 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதில் சாயக் கழிவுத் தொட்டியாக மாறியபோது நிலம் உவர்ந்துபோன விவசாயியின் வாய்மொழி எங்கே? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, வேலை இழந்து நின்ற சாயத் தொழிலாளி எப்படிச் சாப்பிட்டார்? தீர்ப்பு கோர்ட்டுக் கட்டில் பத்திரமாக இருக்கிறது. அவருடைய கதை அவருடைய மகளின் வீட்டில் இருக்கிறது. அவர் இருக்கும் வரை இருக்கும்.

இதைத் திரட்டுவதற்கு அந்தப் பின் வரிசைப் பெண்ணை விடத் தகுதி வாய்ந்த ஆராய்ச்சியாளர் யார்? உபாத்தியாயரின் போன் ஒன்று போதும். பாட்டியின் பேச்சைப் பதிவு செய்யலாம், பழைய சம்பளச் சீட்டையும் ஈ.எஸ்.ஐ. அட்டையையும் படம் பிடிக்கலாம். பள்ளிக் கணினியில் ஆண்டு வாரியாகச் சேர்த்து வைக்கலாம். கதாஸ்தோவைப் போலத் தங்கள் தெருவுக்கு ஒரு கணக்கெடுக்கலாம்: எந்த ஊரிலிருந்து வந்தார்கள், என்ன வேலை, எத்தனை பேருக்கு எத்தனை அறை. பெயர் எழுத வேண்டாம், ஜாதி கேட்க வேண்டாம். கடனைக் கேட்பதானால் வீட்டாரின் சம்மதத்தோடு. வகுப்பில் ஒடியா பேசும் பையனும் இந்தி பேசும் பெண்ணும் இருக்கிறார்களே, இதுநாள் வரை தமிழ்த் தேர்வில் தடுமாறுகிறவர்கள் என்றுதானே அவர்களைப் பார்த்தோம்? இந்த வேலையில் அவர்கள்தான் மொழிபெயர்ப்பாளர்கள், முன்வரிசைக்காரர்கள். நொய்யல் கரையிலேயே கொடுமணல் இருக்கிறது. 1980-களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் மணி செய்யும் தொழிலும் இரும்புத் தொழிலும் அங்கே வெளிப்பட்டன. ஒரு நாள் பஸ் பயணத்தில் ஈராயிரம் ஆண்டுத் தொழிலாளியைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்தான் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பதை நம் இயக்கம் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. தோழர் நா. வானமாமலை 1969-ல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கியபோது, அதற்குப் பக்கபலமாக நின்றது அவர் நெல்லையில் கூட்டிய ஆய்வுக் குழு. அதற்கும் முன்பே, நாட்டுப்புறத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்து 1964-ல் நூலாக வெளியிட்டவர் அவர். படிக்காத மக்களின் வாயில் இருந்ததைச் சரித்திர ஆவணமாக மதிக்கக் கற்றுக்கொடுத்த அந்த வழி நமக்குப் புதிதல்ல.

வெட்டப்படும் பாடங்கள்

டெல்லியில் என்ன நடக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மத்திய பாடத்திட்டத்தின் பதினோராம் வகுப்பு உலக வரலாற்றுப் புத்தகத்திலிருந்து, பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி 2022-ல் சில அத்தியாயங்களை வெட்டினார்கள். ஒன்று, இஸ்லாமிய மத்திய நிலங்கள் பற்றியது. இரண்டாவது, ஐரோப்பியர் அமெரிக்கப் பழங்குடிகளை அழித்த கலாச்சார மோதல் பற்றியது. மூன்றாவது, தொழிற்புரட்சி! மறுமலர்ச்சிப் பாடத்தை விட்டுவைத்தார்கள். இதன் பொருள் என்ன? கிரேக்க விஞ்ஞானத்தைக் காத்து, வளர்த்து, ஐரோப்பாவின் கையில் கொடுத்த அரபு உலகம் எப்படிப்பட்டது என்று பிள்ளைக்குத் தெரியக் கூடாது. மறுமலர்ச்சி வணிகனின் கப்பல் போய் இறங்கிய இடத்தில் ஓடிய ரத்தம் தெரியக் கூடாது. பட்டறை ஆலையான விதமும், கூலி பாட்டாளியான விதமும் தெரியவே கூடாது. முன்னும் பின்னும் அறுத்த பிறகு நடுவில் மிஞ்சுவது அழகிய படங்கள். பத்தாம் வகுப்பில் டார்வினின் பரிணாமக் கொள்கையை 2023-ல் தூக்கி எறிந்தவர்கள் கலீலியோவைப் பற்றிப் பாடம் நடத்துவதில் ஒரு நகைச்சுவை இருக்கத்தான் செய்கிறது.

இவர்களேதான், பி.எம்.ஸ்ரீ திட்டத்துக்குக் கையெழுத்துப் போடவில்லை என்று காரணம் காட்டி, 2024-25-ம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்விக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். அதைக் கண்டித்தோம், கண்டிக்கிறோம். ஆனால் அதையே சாக்காகச் சொல்லி மாநில சர்க்கார் தன் பொறுப்பிலிருந்து நழுவவும் விட முடியாது. காலிப் பணியிடத்தில் ஆசிரியரைப் போடாமல் திரையைப் போடுவது எந்த ஊர் நியாயம்?

'ஐரோப்பாக்காரன் கதை நமக்கெதற்கு? கீழடியைச் சொல்லிக் கொடுத்தால் போதாதா?' என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். கீழடியும் வேண்டும், பிளாரன்ஸும் வேண்டும் ஐயா! 1578-ல், அதாவது சியோம்பிகள் எழுந்து சரியாக 200 ஆண்டு கழித்து, மறுமலர்ச்சி ஐரோப்பாவின் அச்சு யந்திரம் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூலை அச்சிட்டது. கடைத்தெருவில் விற்பனையாளன் ஐரோப்பியன், தைக்கிறவன் நாம் என்று இருக்கும்போது, அவன் சரித்திரம் நமக்கு அந்நியம் என்று யார் சொன்னது? தன் தகப்பனைப் போலச் சாயத்தில் கை வைத்த ஒருவன் 1378-ல் சங்கம் கண்டான் என்று அறியும் பிள்ளை, தன் தகப்பனை அதற்குப் பிறகு வேறு கண்ணால் பார்க்கும்.

செய்ய வேண்டியவை பல. முதலாவது, மூன்று பிரிவுக்கு ஒரு சரித்திர உபாத்தியாயர் என்ற நிலை போக வேண்டும். எமிஸ் பதிவுக்குத் தனி ஊழியர் வேண்டும். உயர் தொழில்நுட்ப ஆய்வகம் மாலை ஆறு மணி வரை திறந்திருக்க வேண்டும். வீட்டில் போன் இல்லாத பிள்ளைக்கு அதுவே வீடு. அதற்கு நிரந்தர ஊழியரை நியமிக்க வேண்டும். கதாஸ்தோ போன்ற மூல ஆவணங்களைத் தமிழில் பெயர்த்துத் தரும் வேலையைக் கல்வித் துறை எடுத்துக்கொள்ள வேண்டும். மணற்கேணியில் அதற்கு இடமா இல்லை? அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு பகுதியை ஊர்ச் சரித்திர ஆராய்ச்சிக்கு ஒதுக்க வேண்டும். அதில் வெட்டி ஒட்டிய படத்துக்கு மதிப்பெண் இல்லை. நேரில் போய்க் கேட்டு எழுதிய ஒரு பக்கத்துக்கு உண்டு.

நம் சங்க அலுவலகங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பீரோக்களில் கரையான் தின்றுகொண்டிருக்கும் பழைய நோட்டீஸ்கள், கூலி ஒப்பந்தங்கள், வேலைநிறுத்தக் காலத்துக் கஞ்சித் தொட்டிக் கணக்குகள் ஆகியவற்றை வெளியே எடுத்துத் தூசி தட்டுங்கள். பிள்ளைகள் தேடி வந்தால் உட்கார நாற்காலி போடுங்கள். மூத்த தோழர்கள் வாரத்தில் ஒரு மாலை அதற்கென்று ஒதுக்குங்கள்.

அந்தப் பள்ளியில் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் வருகிறது. ஆய்வகத்தை மாலையில் திறந்து வைப்பது, ஒன்பதாம் வகுப்புக்கு நொய்யலும் சாயத்தொழிலும் என்ற தலைப்பில் ஆராய்ச்சி வேலை கொடுப்பது ஆகிய இரண்டையும் தீர்மானமாகக் கொடுத்திருக்கிறோம். உபாத்தியாயர் தாமே வழிமொழிவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் இதற்குள்ளேயே தன் தகப்பனாரிடம் கேட்டு, பட்டறையில் அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷத்தையும் அன்றைய கூலியையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.